காகிதப்பூப் போன்சாய்க்கு வாங்கிய அலுமினியக் கம்பி

இரண்டு வயதுக் காகிதப்பூச் செடியைப் போன்சாயாக வளைப்பதற்காக 1.5, 2.5, 4 மில்லிமீட்டர் தடிமன்களில் அலுமினியக் கம்பிச் சுருள்களை வாங்கினேன். காகிதப்பூவின் கிளை முற்றிவிட்டால் வளையாமல் படக்கென்று ஒடிந்துவிடும் என்பதால், பச்சை நிறம் மாறிப் பழுப்பேறத் தொடங்கும் பருவத்திலேயே கம்பி சுற்றிவிட வேண்டும். அந்த இளங்கிளைகளுக்கு 2.5 மில்லிமீட்டர் கம்பி மிகவும் பொருத்தமாக அமைந்தது. கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குள்ள கம்பியை, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், முட்களின் அடியில் பட்டை நசுங்காதபடி நுழைத்துச் சுற்றினேன். விரல் வலிக்காமல் வளைந்த கம்பி, விட்ட இடத்திலேயே நின்றது.

1.5 மில்லிமீட்டர்ச் சுருள்தான் ஏமாற்றம் அளித்தது. நுனிக்கிளைகள் இரண்டே நாளில் நிமிர்ந்துவிட்டதால், அதை இரட்டையாகச் சுற்ற வேண்டியிருந்தது.

வெயிலில் காகிதப்பூ விரைந்து பருக்கும். ஆறாவது வாரத்திலேயே கம்பி பட்டையில் பதியத் தொடங்கியிருந்தது. மிச்சப்படுத்த எண்ணி அவிழ்த்தால் கிளை ஒடியக்கூடும் என்பதால், துண்டு துண்டாக வெட்டியே எடுத்தேன். அடுத்த முறை 2.5 மட்டும் கூடுதலாக வாங்குவேன்.