ஆன்லைன் எம்.பி.ஏ.: ஷிப்டு வேலையோடு சேர்த்துப் படிக்க முடியுமா?

மணலி ஆலையிலோ, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் யார்டிலோ வேலை பார்ப்பவருக்கு இந்தப் படிப்பு பயன்படும். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போதும் சார்" என்று சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர்கள் போனில் சொல்வதை நம்பிச் சேரக்கூடாது. யு.ஜி.சி. விதிப்படி ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. செமஸ்டருக்கு 5 பாடம் இருந்தால் 600 மணி. 26 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 23 மணி வரும். அதில் பாதியாவது ஒதுக்காதவர் முதல் செமஸ்டரிலேயே கணக்கியலிலும் புள்ளியியலிலும் அரியர் வைப்பார். அந்த இரண்டையும் பேப்பரும் பேனாவும் வைத்துத்தான் படிக்க முடியும். மார்க்கெட்டிங், எச்.ஆர். பாடங்களை விம்கோ நகர் மெட்ரோவில் போகும்போதே கேட்டுவிடலாம்.

நேரலை வகுப்பு பெரும்பாலும் மாலையில்தான். இரண்டாம் ஷிப்டுக்காரருக்கு ரெக்கார்டிங்தான் வகுப்பு. அது எத்தனை நாள் தளத்தில் இருக்கும் என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேருமுன் யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, இந்த ஆண்டு, இந்தச் சேர்க்கை அமர்வு நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கைக்குத் தேவையான டெப் ஐ.டி. (அந்தப் பிரிவின் தளத்தில் எடுக்கும் மாணவர் அடையாள எண்) எடுக்க ஏ.பி.சி. ஐ.டி. (உங்கள் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) வேண்டும். நம்மூர் ஆட்களுக்குச் சிக்கல் இனிஷியலில்தான்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ்" என்றிருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். அதை முதலில் சரிசெய்யாவிட்டால் சேர்க்கையே இழுத்தடிக்கும். மாதத் தவணை என்று சொல்லி உங்கள் பெயரில் நிதி நிறுவனக் கடன் போடுவதும் உண்டு. பாதியில் நின்றாலும் அந்தத் தவணை நிற்காது; கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

மதிப்பெண்ணில் அக மதிப்பீடு 30, செமஸ்டர் தேர்வு 70 என்பதே வழக்கம். அசைன்மென்ட்டை இணையத்திலிருந்து அள்ளிப் போட்டால் நகல் சோதனையில் மாட்டும். ஆபரேஷன்ஸ் பாடத்துக்கு, துறைமுக வாசலில் லாரி காத்திருக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வரிசைக் கோட்பாட்டில் (காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிடும் முறை) போட்டுப் பாருங்கள். பாடமும் மனதில் நிற்கும், மதிப்பெண்ணும் வரும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் வீட்டிலிருந்து எழுதும் கண்காணிப்புத் தேர்வு. அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, போன் கையில் இருக்கக்கூடாது, கேமராவில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். ராயபுரத்தில் ஓரறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் இது பெரிய பாடு. நூலகமும் உதவாது, பக்கத்தில் ஆள் இருப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்குத் தனி அறை தரும் உறவினர் வீட்டை இப்போதே பேசி வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துத் தெரியும், எச்சரிக்கை வரும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரி தாங்கும், ரவுட்டர் தாங்காது. பெரும்பாலான ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடுவதால் அதற்கேற்ற மினி யு.பி.எஸ். வாங்கினால் போதும். அடாப்டரில் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

மாதிரித் தேர்வை அதே அறையில், அதே நேரத்தில், அதே லேப்டாப்பில் எழுதிப் பாருங்கள். தேர்வன்று இணைப்பு அறுந்தால், திரையில் வரும் பிழைச் செய்தியை நேரத்தோடு, அறைக்கு வெளியே இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு அவர் போனில் படமெடுக்கச் சொல்லி, உடனே ஹெல்ப்டெஸ்க்கில் புகார் எண் வாங்குங்கள். மறுதேர்வு கேட்கும்போது காட்ட வேறு ஆதாரம் கையில் இருக்காது.