ஏபி ரத்தவகைக்காரர்கள் போக வேண்டிய இடம்: தேசிய ரத்த மையம், கோலாலம்பூர்

ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய ரத்த மையத்துக்கு நான் போவது பிளாஸ்மா கொடுக்க, அதாவது ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் நீர்ப்பகுதியை. எனக்கு ஏபி ரத்தம். அதன் சிவப்பணுக்கள் இன்னொரு ஏபிக்காரருக்கு மட்டும்தான் ஆகும். பிளாஸ்மா அப்படியில்லை, எந்த வகைக்காரருக்கும் ஏற்றலாம். விபத்தில் ரத்தம் கொட்டக்கொட்ட வருகிறவரின் வகை தெரியும் முன்பே நாங்கள் எடுப்பது ஏபி பிளாஸ்மாவைத்தான். நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில்.

மையத்தில் அவசரப்படுத்த மாட்டார்கள். விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்து, கேள்விகள் கேட்டபிறகுதான் நாற்காலி. இயந்திரம் பிளாஸ்மாவை மட்டும் பிரித்துக்கொண்டு அணுக்களை நம் உடம்புக்கே திருப்பி அனுப்பும். "அண்ணே, உதடு மரத்த மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க" என்று தாதி அடிக்கடி வந்து கேட்பார். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலில் கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது. இந்தக் கவனிப்புக்காகவே இவர்களை மனதாரப் பாராட்டுவேன்.

அந்தப் பிளாஸ்மா பை உறைய வைக்கப்பட்டு ஒரு வருடம்கூட இருக்கும். ஆனால் 37 டிகிரியில் உருக்க அரை மணி நேரம் ஆகும், உருக்கியபின் 24 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அதனால்தான் பிளாஸ்மாவை வீணாகக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ரத்தக் கசிவே இல்லை, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) மட்டும் லேசாகக் கூடியிருக்கிறது என்றால் பிளாஸ்மா அதை அசைக்கவே அசைக்காது. டிங்கி நோயாளிக்கு 'முன்னெச்சரிக்கையாக' ஏற்றச் சொல்லிக் குடும்பத்தினர் கெஞ்சுவார்கள். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியே வேண்டாம் என்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கடுமையாக ரத்தம் கசிந்தால் வைட்டமின் கே-யும் புரோத்ராம்பின் செறிவும்தான் (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைகாரணிகளைச் செறிவாக்கிய மருந்து) முதலில். செறிவு கிடைக்காவிட்டால் பிளாஸ்மா.

உறைகாரணிகள் பலவும் தீர்ந்து ரத்தம் நிற்காமல் போகிறவருக்குத்தான் அது உயிர். அப்போதும் அளவு முக்கியம். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி என்றால் 60 கிலோ ஆளுக்கு 600 முதல் 900 மில்லி. பெரியவருக்கு ஒரே ஒரு பை கேட்பதில் பயனில்லை. இதயம் பலவீனமான முதியவருக்கு வேகமாக ஏற்றினாலோ நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

போகிறவர்களுக்கு: தித்திவங்சா ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். நிறையத் தண்ணீர் குடியுங்கள். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் பிளாஸ்மா கொடுத்த பிறகு சாப்பிடலாம், கொழுப்பு ஏறினால் பிளாஸ்மா பால்போலக் கலங்கி அப்புறம் பையையே ஒதுக்க வேண்டிவரும். பிளாஸ்மா கொடுக்க வருவதாக முன்பே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.