ரங்கூன் வீட்டு வாசலுக்கு எந்தப் பூமரம்: படாக்கா, கொன்றையா, பூமருதா?

பர்மாக்காரங்களோட புது வருஷத் தண்ணித் திருவிழாவான திங்யானும் நம்ம சித்திரை வருஷப் பிறப்பும் ஒண்ணா வர்ற ஊருங்க இது. அந்த வாரம் ரங்கூன்ல எந்தப் பக்கம் திரும்புனாலும் மஞ்சப்பூதான், பொண்ணுங்க கொண்டையில படாக், கார் முன்னாடி படாக், நம்ம வீட்டு சாமி படத்துல கொன்றை, அதப் பாத்துட்டு வாசல்ல ஒரு பூமரம் வைக்கணும்னு ஆசை வரத்தான் செய்யும். ஆசை வந்த கையோட நர்சரிக்குப் போய் ஒரு படாக் கண்ணு வாங்கிட்டு வந்து காம்பவுண்டு சுவர் ஓரமா நட்டுர்றாங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. அழகுக்கு மார்க் போட்டா எல்லா மரமும் பாஸ்தான். உங்க மனையோட அகலம் என்ன, மழைக்காலத்துல அதுல தண்ணி எவ்வளவு நேரம் கட்டி நிக்குது, இந்த ரெண்டுதான் மரத்த முடிவு பண்ணணும்.

வடக்கு ஒக்கலப்பா, தெற்கு ஒக்கலப்பா, தாகேட்டா மாதிரி 1950களோட கடைசியில உருவான டவுன்ஷிப்புகள்ல மனைன்னா 40க்கு 60 அடி, அதையும் அண்ணன் தம்பி பாதியா பிரிச்சுட்டா 20க்கு 60 அடி. வீடு, செப்டிக் டேங்க், கிணறு இல்லாட்டி போர், இதெல்லாம் போக மரத்துக்குன்னு மிஞ்சுறது முன்பக்கம் பத்துப் பதினஞ்சு அடிதான், தலைக்கு மேல கரண்ட் கம்பி வேற. அடுத்தது மண்ணு. ஷ்வேடகோன் பகோடா நிக்கிற மேடு பெகு யோமா மலைத்தொடரோட தெக்கு முனை, அந்த மேட்டுல இன்செயின் பக்கம் வரைக்கும் செம்மண்ணு, தண்ணி இறங்கிரும். ஆத்துக்கு அக்கரையில இருக்கற சிரியத்துலயும் மேட்டுப் பக்கம் அப்படித்தான். ஆனா தாகேட்டா, டாபோன், லைங் தாயா எல்லாம் ஆத்தோரத்துத் தாழ்ந்த பூமி, பழைய வயக்காடு, களிமண்ணு. வருஷத்துக்கு ஏறக்குறைய 2700 மில்லிமீட்டர் மழை, சென்னையில பெய்யறதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுவும் மே நடுவுல ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும் ஒரேயடியா கொட்டித் தீக்குது. மந்தலேல இருக்க சொந்தக்காரங்க வீட்டுல ஒரு மரம் நல்லா பூக்குதேன்னு அதையே இங்க கொண்டாந்து வச்சா பூக்கும்னு சொல்ல முடியாது, அங்க 1000 மில்லிமீட்டர் மழையே பெருசு.

மொதல்ல படாக். நம்ம ஊரு வேங்கைக்கு நெருங்குன சொந்தம் இது, ஒரே பேரினம், அதே தகடு மாதிரி வட்டமான காய், நடுவுல விதை. இங்க படாக்னு சொல்றது ரெண்டு மரம், ஒண்ணு காட்டுல தேக்கோட சேந்து வளர்ற பர்மா படாக், இன்னொண்ணு ரோட்டோரத்துல நிழலுக்கு வைக்கிற மலாய் படாக், நர்சரியில கேட்டுக்கிட்டு வாங்குறது நல்லது. பூ விஷயத்துல இதுக்கு ஈடு கிடையாதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். மொட்டெல்லாம் தயாரா காத்துக்கிட்டே இருக்கும், ஏப்ரல் வெயில்ல காஞ்சு கிடக்கும்போது ஒரு மழை விழும், அதுக்கப்புறம் ஒரு காலையில மரம் முழுக்க ஒண்ணா வெடிச்சு நிக்கும், தெருவே மணக்கும், மறுநாள் பாத்தா அம்புட்டும் தரையில. ஒரே ஒரு நாள். அடுத்த மழைக்கு இன்னொரு தடவ பூக்கலாம், ஆனா மொத்தமா கூட்டுனாலும் வருஷத்துல பூ பாக்கற நாளு விரல் விட்டு எண்ணிரலாம். அந்த ஒரு நாளுக்காகவே இந்த மரத்த நேசிக்கிறவங்கள்ல நானும் ஒருத்தன்.

மிச்ச நாளெல்லாம் உங்ககிட்ட இருக்கறது ஒரு பெரிய நிழல் மரம். மலாய் படாக் 30 மீட்டருக்கு மேலயும் போகக்கூடியது, ஊருக்குள்ள அவ்வளவு போகாட்டியும் குடை மாதிரி விரிஞ்சு கிளை தொங்கி பக்கத்து வீட்டுத் தகரத்துல உக்காந்துரும், வேர் மேலாக ஓடி நடைபாதைய தூக்கும், செப்டிக் டேங்க் ஓரமா இருந்தா கேக்கவே வேணாம். இதுக்கு ஒரு பெரிய சவுகரியம் என்னன்னா போத்து வெட்டி நட்டாலே வேர் புடிச்சுரும், கை தடிமனுக்கு மேல உள்ள கிளையக்கூட நடலாம், சிங்கப்பூர்ல ரோட்டோரமா இப்படித்தான் பெரிய பெரிய போத்தா நட்டு சீக்கிரமே நிழல் உண்டாக்குனாங்க. அந்த சுலபத்தப் பாத்துதான் நிறைய பேரு ஏமாறுறாங்கன்னு எனக்குத் தோணுது. நடறது சுலபம், பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு 20 அடி மனையில அத வெட்டி இறக்குறது பெரிய செலவு, பெரிய வேதனை. பூமரத்த வெட்டுறதுக்கு எந்த வீட்டுல மனசு வரும் சொல்லுங்க.

2008 மே 2ஆம் தேதி ராத்திரி நர்கிஸ் புயல் அடிச்சப்போ இங்க இருந்தவங்களுக்கு நான் விளக்கவே வேணாம், விடிஞ்சு பாத்தா பெரிய பெரிய நிழல் மரமெல்லாம் வேரோட சாஞ்சு ரோட்ட மறிச்சுக் கிடந்துச்சு. ஊறிப்போன மண்ணு, மேலாப்புல வேர், மேல பாய் விரிச்ச மாதிரி தலைப்பாரம், காத்துக்கு அதுக்கு மேல என்ன வேணும். அதனால எத நட்டாலும் அந்த ராத்திரிய ஒரு தடவ நெனச்சுட்டு நடுங்க, முக்கியமா வீட்டுக்கு மேக்காலயும் தெக்காலயும், மழைக்காத்து அங்கிருந்துதான் வருது.

அடுத்தது கொன்றை, பர்மாக்காரங்க ஙுவான்னு சொல்றது, சிவனுக்குச் சாத்துற சரக்கொன்றைதான். 10லருந்து 15 மீட்டர் வரைக்கும் போகும், ஆனா தலை அவ்வளவா விரியாது, வேர் கீழ பாத்துப் போகும், தரைய தூக்குற கெட்ட பழக்கம் கம்மி. 20 அடி மனைக்கு அளவா இருக்கற மரம். பூவும் ஒரு நாள் கணக்கு இல்லீங்க, மார்ச்சுல ஆரம்பிச்சா வாரக்கணக்குல நிக்கும், ஒரு முழம் நீளத்துக்கு சரம் சரமா தொங்கும், இலை ஏறக்குறைய உதிர்ந்த நேரத்துல பூக்கறதால மரமே மஞ்சளா இருக்கும். வருஷப் பிறப்பு அன்னைக்கு விடியக்காலம் கனி பாக்கற வீடுன்னா தட்டுல வைக்க வாசல்லயே பூ இருக்கு. பங்குனி உத்திரத்துக்கும் சாமிக்குப் பறிச்சுக்கலாம்.

ஆனா கொன்றைக்கு ரெண்டு பிடிவாதம். ஒண்ணு, முழு வெயில் வேணும், மாடி வீட்டு நிழல்ல வச்சா இலைய மட்டும் காட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டாவது, காலுக்கடியில தண்ணி நிக்கக்கூடாது, ஏப்ரல்ல பூக்கணும்னா அதுக்கு முன்னாடி நல்லா காயணும், கோடையில பாசமா தினமும் தண்ணி ஊத்துறவங்க வீட்டுல அது பூக்காம இருக்கறதுக்கு அதான் காரணம். களிமண் தாழ்வுல வச்சா ஆகஸ்ட்டுல வேர் அழுகிரும். காய் கறுப்பா ரெண்டு அடி நீளம் கூட தொங்கும், உள்ள இருக்கற புளி மாதிரி சதை பேதி மருந்து, சின்னப் புள்ளைங்க இருந்தா விழுந்தத கூட்டி எடுத்துருங்க. இலைய ஒரு பச்சைப் புழு மொட்டையா தின்னுரும், பதறி மருந்து அடிக்காதீங்க, அது கொஞ்ச நாள்ல வெளிர் மஞ்ச வண்ணத்துப்பூச்சியா பறக்கும், மரமும் மறுபடி தளிர்க்கும்.

பூமருது, இங்க பின்மா, இதப் பத்தி யாருமே பெருசா பேசறதில்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். கண்ணு வாங்க போறவங்க மஞ்சப்பூவையே தேடுறாங்க, இது ஊதா, அதனால ஒதுங்கிப் போயிருது. ஆத்தோரத்துலயும் சதுப்புலயும் தானா வளர்ற மரம்ங்க, தாகேட்டா களிமண்ணுக்கும் லைங் தாயா வயக்காட்டுக்கும் இதவிடப் பொருத்தமா ஒண்ணு சொல்லத் தெரியல. ஏப்ரல் கடைசியில ஆரம்பிச்சு மழை புடிச்சதுக்கு அப்புறமும் பூத்துக்கிட்டு இருக்கும், மத்த மரமெல்லாம் பச்சையாகி ஓஞ்ச நேரத்துல இது ஊதாக் கதிர் கதிரா நிக்கும், குளிர் காலத்துல இலை உதிர்றதுக்கு முன்னாடி செவந்து அது ஒரு தனி அழகு. புதுக் கிளையிலதான் பூக்கும், அதனால இலை உதிர்ந்த சமயம் கவாத்து பண்ணி ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்குல அடக்கி வச்சாலும் பூ கொறையாது, கரண்ட் கம்பிக்குக் கீழ இருக்கற வீட்டுக்கு இந்த ஒரு குணமே போதும். வாசனை கிடையாது, சாமிக்கு வைக்கிற வழக்கமும் நம்மகிட்ட இல்ல, அது ஒரு கொறைதான்.

செய்ன்பான், அதாவது செம்மயிற்கொன்றை, மடகாஸ்கர்லருந்து வந்தது. செவப்பு பாக்க கண்ணு கொள்ளாது, ஆனா விரிவு படாக் மாதிரி, கிளை முறியும், வேர் மேலாக ஓடும். பள்ளிக்கூட மைதானம், கோயில் காலி இடம், அங்க வைங்க, வீட்டுக்கு வேணாம். கங்கோன்னு இவங்க சொல்ற நாகப்பூவும் கேப்பீங்க, வாசனை அபாரம், இலை உதிராது, ஆனா வளர்ச்சி ரொம்ப ரொம்ப மெதுவு, பேரன் பேத்திக்கு வைக்கிற மரம்னு நெனச்சு வச்சா சரி.

ஆக 20 அடி மனை, மேட்டு மண்ணு, வெயில் நல்லா விழுதுன்னா கண்ண மூடிக்கிட்டு கொன்றை. தாழ்வு, களிமண்ணு, இல்ல தலைக்கு மேல கம்பி, இதுல எது இருந்தாலும் பூமருது. படாக் வைக்கணும்னா வீட்டுலருந்து 25, 30 அடி தள்ளி வைக்க இடம் இருக்கணும், சிரியம் பக்கம், பெகு ரோட்டு பக்கம் பெரிய தோட்டமா வச்சிருக்கவங்க தாராளமா வைங்க. இடம் இல்லாதவங்க தெரு சேந்து ரோட்டோரமாவோ கோயில்லயோ ஒண்ணு வச்சு வளருங்க, பூக்கற அன்னைக்கு எல்லா வீட்டுக்கும் பூ கிடைக்கும்.

மண்ணப் பத்தி சந்தேகம்னா ஜூலையில ரெண்டு அடி ஆழம் ஒரு குழி தோண்டி, மழை விட்டு மறுநாள் போய் பாருங்க, தண்ணி அப்படியே நின்னா கொன்றைய மறந்துருங்க. கட்டாயம் கொன்றைதான் வேணும்னா ரெண்டு அடிக்கு மண்ண மேடு கட்டி அதுக்கு மேல நடணும். விதை போடறதா இருந்தா கொன்றை விதை ஓடு ரொம்ப கெட்டி, ஒரு ஓரத்த அரம் வச்சு லேசா தேச்சுட்டு ராத்திரி தண்ணியில ஊறவச்சு, ஊதுனத மட்டும் எடுத்துப் போடுங்க, பூக்க அஞ்சாறு வருஷமாவது ஆகும். கண்ணு வாங்குறீங்கன்னா சின்னதா, பைக்குள்ள வேர் சுத்திக்காததா எடுங்க, பெருசானதுக்கு அப்புறம் புடுங்கி நட்டா ஆணிவேர் அறுந்து வருஷக்கணக்குல முழிச்சுக்கிட்டு நிக்கும். நடறதுக்கு ஜூன் நல்ல மாசம், ஈரம் இருக்கும், அடுத்த கோடைக்குள்ள வேர் ஊனிக்கும், மொத ரெண்டு மழைக்காலம் மட்டும் மூங்கில் முட்டு குடுத்து தளர்வா கட்டி விடுங்க.