புதுப் பையனுக்கு மாதச் சம்பளமா, வேலைக்கணக்கா?

வண்டி ரிப்பேர் பட்டறையில் சேரும் இளவட்டங்கள் ஏன் நிலைப்பதில்லை என்று கேட்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் கிரீஸ் ஒட்டக் கூடாது" என்பார்கள். கிரீஸுக்குப் பயந்தவன் வேலை கேட்டே வந்திருக்க மாட்டான். சம்பளத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

வேலைக்கணக்கில் ஒவ்வொரு ரிப்பேருக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்பே குறித்திருக்கும். 2 மணி நேர வேலையை ஒன்றரை மணியில் முடித்தாலும், 4 மணி இழுத்தாலும் கூலி அந்த 2 மணிக்குத்தான். கைதேர்ந்த மெக்கானிக்குக் கொண்டாட்டம். முதலாளிக்கும் செலவு முன்கூட்டியே தெரியும்.

புதியவன் கதை வேறு. பிரேக் பேட் மாற்றுகிறான். பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்களைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் போட வேண்டும். கண் கடிகாரத்தில் இருப்பதால் அதை விட்டுவிடுகிறான். வீலை மாட்டி, ஏர் கன்னால் நட்டை முறுக்குகிறான். நட்டைச் சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரென்ச் டிராயரிலேயே கிடக்கிறது. துடைக்காத பின்கள் இறுகி, ஒரு பக்கத்து பேட் மட்டும் தேய்ந்து வண்டி திரும்பி வருகிறது. இந்தத் தடவை பெரும்பாலும் கூலியே கிடையாது.

கோளாறு கண்டுபிடிப்பது இன்னும் மோசம். ஸ்கேனர் பி0420 என்ற கோளாறு எண்ணைக் காட்டினால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் சந்தேகிக்கிறது, அவ்வளவுதான். சைலன்சர் குழாயில் கசிவா, ஆக்சிஜன் சென்சாரா, எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயரா என்று பார்க்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குக் கணக்கில் நேரம் இல்லாவிட்டால் பையன் நேரே கன்வெர்ட்டரை மாற்றத்தான் சொல்வான்.

சரி, மாதச் சம்பளம் கொடுத்துவிட்டால் போதுமா? வண்டி வராத நாளிலும் வீட்டுச் செலவுக்குக் காசு இருக்கும், நிதானமாகக் கற்கலாம். ஆனால் வேகமாக வளர்கிற பையனுக்கும் சோம்பிக் கிடப்பவனுக்கும் ஒரே தொகை என்றால், முதலில் கிளம்புபவன் நல்லவன்தான். அதனால் முதல் 2 வருடம் முழுச் சம்பளம், அப்புறம் உறுதியான அடிப்படைத் தொகைக்கு மேல் வேலைக்கணக்கு என்பதே என் கட்சி. ஆள் பிடிக்க மட்டும் என்றால் வேலைக்கணக்கே ஜெயிக்கும். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போடலாம் அல்லவா!

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். பையனுக்குச் சம்பளம், பக்கத்தில் வண்டி தூக்கும் லிஃப்டில் நிற்கும் சீனியருக்கு வேலைக்கணக்கு. "அண்ணே, இந்த ஒயர் எங்கே போகுது?" என்று கேட்டால், பதில் சொல்கிற பத்து நிமிடமும் அவர் பையிலிருந்து போகிறது. எத்தனை நாளைக்குச் சிரித்த முகத்தோடு சொல்வார்? கற்றுக்கொடுக்கும் நேரத்தையும் அவர் கணக்கில் ஏற்ற வேண்டும். வேலைக்குப் போகும் தம்பிகள் சம்பளத்தைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்: "எனக்குச் சொல்லித்தரப் போகிறவருக்கு அந்த நேரத்துக்கான கூலி உண்டா?"