வெயின்ஸ்காட்டிங்: எவ்வளவு சுவருக்கு என்பதை கான்ட்ராக்டர் முடிவு செய்ய விடாதீர்கள்

மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் புது ஃபிளாட் வாங்கி இன்டீரியர் வேலை தொடங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். சுவரின் கீழ்ப்பாதியில் பலகையும் பீடிங்கும் (அலங்கார மெல்லிய பட்டை) அடிக்கும் வெயின்ஸ்காட்டிங் வேலையில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் இதே முறையில் பலரும் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது தரைத்தளம். ஹால், டைனிங், கிச்சன் மூன்றும் நடுவில் சுவரில்லாமல் ஒரே இடம். ஹாலும் டைனிங்கும் சேர்ந்து 24க்கு 12 அடி. நான் கேட்டது டைனிங் மேஜைக்குப் பின்னால் இருக்கும் 12 அடிச் சுவருக்கு மட்டும், 3 அடி உயரத்துக்கு. மொத்தமே 36 சதுர அடி. கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். "மேடம், ஓப்பன் பிளான்ல ஒரு சுவருக்கு மட்டும் போட்டா பாதியில விட்ட மாதிரி இருக்கும். சுத்தி முழுக்கப் போட்டாதான் ஃபினிஷிங் வரும்" என்றார். இதையே என் கணவரிடமும் மாமியாரிடமும் தனித்தனியாகச் சொல்லி, வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைத்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நீளமான சுவரின் நடுவில் பலகை திடீரென்று நின்றால் கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆனால் அதற்காக வீடு முழுக்கப் பலகை அடிக்க வேண்டியதில்லை, சரியான இடத்தில் நிறுத்தினால் போதும். இரண்டு சுவர்கள் சேரும் உள்மூலை, துருத்திக்கொண்டிருக்கும் தூண், கதவின் நிலை இவற்றில் நிறுத்தினால் யாருக்கும் குறை தெரியாது. எங்கள் டைனிங் சுவர் இரண்டு பக்கமும் உள்மூலையில்தான் முடிகிறது! திறந்த கிச்சன் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரின் பீடிங் இடுக்குகளில் படியும். அதைத் துடைத்தெடுப்பது தினசரி வேலையாகிவிடும். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்தது உயரம். வேலை பாதியில் இருக்கும்போது, "4 அடிக்குத் தூக்கினா ரிச்சா இருக்கும்" என்று அவரே மாற்றினார். சென்னை ஃபிளாட்டுகளில் சீலிங் பெரும்பாலும் ஒன்பதரை அடி சுமாருக்குத்தான் இருக்கும். வெயின்ஸ்காட்டிங்குக்கு வழக்கமான கணக்கு சுவர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 அடி சொச்சம். கிச்சன் மேடையும் ஏறக்குறைய 34 அங்குலம் என்பதால், 3 அடியில் போகும் மேல் பட்டை மேடையோடு ஒட்டி ஒரே கோடாகத் தெரியும். சுவரில்லாத வீட்டில் அழகைத் தருவதே அந்தக் கோடுதான். நம் சுவிட்ச் போர்டுகள் 4 அடி உயரத்தில் இருக்கின்றன. பட்டை நேராக அவற்றில் போய் முட்டியது. ஒவ்வொரு போர்டைச் சுற்றியும் பட்டையை வெட்டி ஒட்டி, இடைவெளியில் புட்டி அடைத்தார்கள். 3 அடியிலேயே விட்டிருந்தால் ஒரு போர்டைக்கூடத் தொட வேண்டியிருந்திருக்காது.

இனி பணம். சதுர அடிக்கு 450 ரூபாய் பேச்சு. பில்லில் 288 சதுர அடி, 1,29,600 ரூபாய் என்று வந்தது. நான்கு சுவரையும் கூட்டிய 72 அடியை 4 அடி உயரத்தால் பெருக்கியிருக்கிறார். வாசல் கதவு மூன்றரை அடி, படுக்கையறைக் கதவுகள் இரண்டும் சேர்ந்து 6, பாத்ரூம் கதவு இரண்டரை, பால்கனி ஸ்லைடிங் 8, கிச்சன் திறப்பு 12. ஆக 32 அடிக்குச் சுவரே கிடையாது. மீதி 40 அடிக்குத்தான் பலகை. 160 சதுர அடி, 72,000 ரூபாய். இல்லாத சுவருக்கு 57,600 ரூபாய். கேட்டபோது, "ஓப்பனிங்கைக் கழிக்க மாட்டோம் மேடம், வேஸ்டேஜ் அதுல அடங்கிடும்" என்றார். பெயின்ட் வேலையிலும் சிலர் இப்படிப் பேசுவார்கள். வேஸ்டேஜ் என்றால் அதைத் தனியாக ஒரு சதவீதமாக எழுதித் தரட்டும்.

அப்புறம் பலகை. பேசியது 12 மி.மீ. எச்டிஎச்எம்ஆர், அதாவது ஈரத்தை ஓரளவு தாங்கும் அடர்த்தியான பலகை. ஷீட்டை வீட்டில் இறக்காமல், பட்டறையிலேயே வெட்டி பிரைமர் அடித்துக் கொண்டுவந்தார்கள். கம்பெனி முத்திரை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வடகிழக்குப் பருவமழை வந்ததும் பால்கனி ஓரமும், பாத்ரூமை ஒட்டிய சுவரும் ஓதம் ஏறி, பலகையின் அடிப்பாகம் டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டது. பக்கத்து பிளாக்கில் வேலை செய்யும் ஆசாரி அண்ணன் ஒரு துண்டைப் பெயர்த்து நகத்தால் சுரண்டிக் காட்டினார். நார் நாராக வந்தது. "இது சாதா எம்டிஎஃப்மா" என்றார். மரநாரை அழுத்திச் செய்கிற, ஈரம் தாங்காத பலகை அது. பலகையைத் தரை வரைக்கும் இறக்கி அடித்திருந்ததும் கெடுதல். தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீடுகள் நம்முடையவை. சுவரின் அடியில் ஓடும் டைல் பட்டையை (ஸ்கர்ட்டிங்) அப்படியே விட்டு, அதற்கு மேலிருந்துதான் பலகை தொடங்க வேண்டும்.

ஓதம் அடிக்கிற சுவரில் எச்டிஎச்எம்ஆரும் நிற்காது. முதலில் கசிவை நிறுத்தி, சுவர் காய்ந்த பிறகுதான் பலகையைப் பற்றிப் பேச வேண்டும். பிவிசி பேனல் போட்டால் பலகை கெடாது, ஆனால் பின்னால் சுவர் ஊறிக்கொண்டே இருப்பது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

வேலை கொடுக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் தருவதற்கு முன்பே ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியாகப் படம் கேளுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சுவிட்ச் போர்டு எங்கே, உயரம் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். ஓப்பனிங்கைக் கழித்த அளவுக்குத்தான் பணம் என்று எழுதி வாங்குங்கள். ஷீட் முழுசாக வீட்டில் இறங்கட்டும். ஒன்று 8க்கு 4, அதாவது 32 சதுர அடி, எண்ணிவிடலாம். ஒரு துண்டு வெட்டி வாங்கி, தடிமனை அளந்து, ஒரு இரவு பக்கெட் தண்ணீரில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். எம்டிஎஃப்பிலும் பச்சையாக ஒரு ரகம் உண்டு. பச்சை என்பது வெறும் சாயம், அதை வைத்துத் தரத்தை நம்ப வேண்டாம். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று ஆசை காட்டினாலும் பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கடைசித் தவணையை நீங்களே டேப் வைத்து அளந்த பிறகு கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, ஊதிப்போன பலகையின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். எங்களிடம் இவை இருக்கின்றன. பெயர்த்த பலகைத் துண்டையும் எடுத்து வைத்திருக்கிறோம். கான்ட்ராக்டருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் வந்ததும் எழுதுகிறேன்.