மாம்பலம் ஞாயிறு வகுப்பு: வாத்தியார் பிரமாதம், நோட்ஸ் பழசு

எம்.காம். முடித்து இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்ய, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2013 விதிமுறைப்படி, அதன் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 10-ஏ, 10-பி தேர்வுகளில் தேற வேண்டும். அதற்காகத்தான் மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் இந்தக் கோச்சிங்கில் சேர்ந்தேன்.

சார் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். சூத்திரத்தை போர்டில் எழுதிப்போட்டுவிட்டு நகர்கிற ஆள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் 35 வயதுக்காரர், வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தையே கண்முன் நிறுத்துவார். இன்று மாதம் 30,000 ரூபாய் செலவென்றால், 6 சதவீத விலைவாசி ஏற்றத்தில் அவர் 60 வயதைத் தொடும்போது அதே செலவு சுமார் 1.29 லட்சம். எக்ஸெலில் நாங்களே போட்டுப் பார்த்தோம். அடுத்து அந்த 35 வயதுக்காரரின் எண்டோவ்மென்ட் பாலிசியின் (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) உண்மையான வருமானத்தைக் கணக்கிடச் சொன்னார். பாலிசி விற்கிற எனக்கு அன்று டீ இறங்கவில்லை!

அச்சடித்த நோட்ஸ்தான் மோசம். பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது நெடுநாள் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு, 1 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் வரி என்றே இன்னும் இருக்கிறது. 2024 ஜூலை 23 முதல் அது 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம். சார் வாயால் திருத்திவிடுகிறார்; வகுப்புக்கு வராதவர் கதி? ஆபீசில் கேட்டால் 'அடுத்த பேட்ச்சுக்கு மாத்திடுவோம்மா' என்கிறார்கள்.

ஏ.சி. சுமார். ஆன்லைன் பேட்ச் வேண்டாம், நேரில் போங்கள். என்.ஐ.எஸ்.எம். தளத்திலுள்ள பாடப்புத்தகத்தையும் கையோடு இறக்கிக்கொள்ளுங்கள்.