மூன்று புத்தகத்துக்கு மேல் கிடையாது: கும்பகோணத்து வாடகை நூலகம் ஒன்றைப் பற்றி

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் இயங்கும் வாடகை நூலகம் ஒன்றில் நான் ஆறு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். "பேரெல்லாம் போடாதீங்க தம்பி, இருக்கிற கூட்டமே போதும்" என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. கூட்டம் என்று அவர் சொன்னது மாலையில் வந்து போகும் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான். இந்த நூலகத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தேர்ந்த வாசகர்கள் இந்த ஊரில் உண்டு. நான் இலக்கியம் தேடி அந்த மாடி ஏறியவன் அல்லன். பைபோலார் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இருமுனை மனநிலைக் கோளாறு எனக்கு இருக்கிறது. மனம் அடியில் கிடக்கும் மாதங்களிலும் தேவைக்கு மேல் எழும்பும் வாரங்களிலும் என் எண்ணங்களிடமிருந்து என்னைச் சற்று நேரம் விலக்கி வைக்க ஒரு கதையோ ஒரு திரைப்படமோ வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு இந்த நூலகம் எவ்வளவு பயன்படுகிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் நடைமுறை. முன்பணம் 500 ரூபாய். விலகும்போது திருப்பித் தந்துவிடுகிறார்கள். புத்தகத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. பத்து நாள் வைத்துக்கொள்ளலாம். பழைய மாத நாவல்களுக்கும் திரைப்பட டிவிடிகளுக்கும் தலா 10 ரூபாய். காலை 10.30 முதல் 1 மணி வரையிலும் மாலை 4.30 முதல் 8.30 வரையிலும் திறந்திருக்கும். ஞாயிறு பிற்பகலும் அமாவாசையும் விடுமுறை. ஒரே சமயத்தில் மூன்று புத்தகங்களுக்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை. இந்தக் கடைசி விதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மனச்சோர்வில் இருப்பவரிடம் "ஒரு நல்ல புத்தகம் எடுத்துப் படியேன், மனசு மாறும்" என்று சொல்பவர்கள், அந்த நோயின் அடையாளங்களில் ஒன்றே கவனம் நிலைக்காமல் போவதுதான் என்பதை அறிவதில்லை. ஒரே வரியை ஐந்து முறை படித்தும் எழுவாய் யார் என்று பிடிபடாத நாள்கள் எனக்கு வருவதுண்டு. போதாக்குறைக்கு மருந்துகளும் தம் பங்குக்கு இடையூறு செய்கின்றன: பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் சில அருகில் இருப்பதைப் பார்க்கும் பார்வையை மங்கச் செய்யும், மனநிலையைச் சமன்படுத்தத் தரப்படும் லித்தியம் எடுப்பவர்களில் சிலருக்குக் கை நடுங்கும். அத்தகைய நாளில் 600 பக்க நாவலைக் கையில் கொடுப்பது, காய்ச்சலில் கிடப்பவனை அணைக்கட்டு வரை நடந்து வரச் சொல்வதற்குச் சமம்.

இந்த நூலகத்தின் உண்மையான செல்வம் அதன் மேற்குச் சுவரோரம் இருக்கும் பைண்டுத் தொகுதிகள்தான். வார இதழ்களில் வெளிவந்த தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துக் காலிகோ துணியில் கட்டி வைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் தஞ்சை மாவட்டத்து வீடுகளில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு அந்த இரண்டு அலமாரிகளே சாட்சி. பழைய அக்ரகாரத்து வீடுகளும் மிராசுதார் வீடுகளும் விற்கப்பட்டபோது எடைக்குப் போகவிருந்தவற்றை உரிமையாளர் வாங்கிச் சேர்த்திருக்கிறார். ஓர் அத்தியாயம் நான்கு அல்லது ஐந்து பக்கம், நடுவில் ஓவியம், முடிவில் "தொடரும்". சோர்ந்த மனத்தால் ஒரு மூச்சில் தூக்கக்கூடிய எடை அது. தொடர்ந்தும் படிக்கலாம், அங்கேயே மூடிவிட்டாலும் தோற்றுப் போனதாகத் தோன்றாது. ஏனெனில் முதலில் அதைப் படித்தவர்களும் அங்கேதான் ஒரு வாரம் நின்றார்கள். பக்கத்தின் பின்புறம் பாதியோடு அறுபட்ட சமையல் குறிப்பையும், விடை இல்லாத விடுகதையையும், எப்போதோ நின்றுபோன தலைவலித் தைல விளம்பரத்தையும் கதையைவிடக் கவனமாக நான் படித்த நாள்கள் உண்டு.

இத்தொகுதிகளைப் பற்றிப் பிற உறுப்பினர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, முன்பு படித்தவர்கள் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருப்பது. ஒரு துப்பறியும் கதையின் 12-ஆம் பக்கத்திலேயே "தம்பிதான் கொலைகாரன், நேரத்தை வீணாக்காதே" என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். எனக்கு அது பேருதவியாக இருந்தது. பதற்றம் நெஞ்சில் ஏற்கெனவே குடியிருக்கும்போது, கதையிலும் அடுத்து என்ன நேருமோ என்று காத்திருக்கும் வலு எனக்கு இருப்பதில்லை. முடிவு தெரிந்த கதையும், பலமுறை பார்த்த திரைப்படமும், அடுத்த வசனம் இன்னதென்று நாக்கில் நிற்கும் நகைச்சுவைக் காட்சியும்தான் அப்போது ஒத்துக்கொள்ளும். ஆகவே அந்தக் கிறுக்கல்களை நான் குறையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

உரிமையாளருக்கு எழுபது வயது கடந்திருக்கும். ஒருமுறை காலையில் எடுத்துப் போன நாவலை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தேன். அதில் வரும் தற்கொலைக் காட்சியை என்னால் தாண்ட முடியவில்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த முறை நான் நீட்டிய புத்தகத்தை வாங்கிப் பார்த்து, "இது இப்ப வேணாம் தம்பி, கார்த்திகைக்கு மேல படிச்சுக்கலாம்" என்று மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துத் தந்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. இந்தப் பெரியவர் அதைக் கற்றதாகத் தெரியவில்லை. ஆயினும் அந்த விதி இவ்வளவு துல்லியமாக நடைமுறைப்படுத்தப்பட்டதை வேறெங்கும் நான் கண்டதில்லை. அதே ஐந்தில் நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. நேரத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் மாடி ஏறியவனுக்கு அது மட்டும் பொருந்தவில்லை.

திரைப்படங்களைப் பொறுத்தவரை இங்கு இருப்பது ஏறத்தாழ முந்நூறு டிவிடி. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் காலத்தவை. சில கீறல் விழுந்தவை, இடைவேளைக்குப் பின் திக்கி நின்றுவிடுபவை. கைபேசியில் ஓடிடி வந்த பிறகு யார் டிவிடி எடுப்பார்கள் என்று என் மனைவியே கேட்டாள். என் நோய்க்கு இரண்டையும் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டிவிடி முடிந்துவிடுகிறது. இரண்டரை மணி நேரத்தில் படம் நிறைவுற்றதும் முகப்புத் திரை வந்து, அதே பத்து நொடி இசை திரும்பத் திரும்ப ஒலித்து, எழுந்து போய் அணைக்கும்வரை விடுவதில்லை. ஓடிடியிலோ ஒரு பகுதி முடியும் முன்பே அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது, விடிந்துவிடுகிறது. மனச்சோர்வு மட்டும் உள்ளவருக்கு அது ஒரு நாள் கெட்டதோடு போகும். எனக்கு அப்படிப் போகாது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குத் தூக்கம் கெடுவதே மேனியா எனப்படும் மிகையெழுச்சியைத் தூண்டிவிடும். நான் நெல் அரைவை ஆலையில் கணக்கு எழுதுபவன்; தை, மாசியில் சம்பா அறுவடை நெல் வந்து குவியும்போது இரவுகளும் வேலையாகிவிடும். அந்த நாள்களில்தான் எனக்கு எழுச்சி தொடங்கும் என்பதை இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டோம். அதன் பிறகு என் கைபேசியில் அந்தச் சந்தா இல்லை.

எழுச்சியின்போது படமும் புத்தகமும் வேறொரு வகையில் ஆபத்தாக மாறும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கதாநாயகன் பேசும் வசனம் எனக்கென்றே எழுதப்பட்ட செய்தியாகவும், பக்க எண்களுக்குள் எனக்கு மட்டும் புலப்படும் ஒழுங்கு இருப்பதாகவும் தோன்றத் தொடங்கினால், அது ரசனை அன்று; நோயின் அடையாளம். அப்போது படத்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்று வீட்டில் எழுதியே ஒட்டி வைத்திருக்கிறோம்.

இனி அந்த மூன்று புத்தக விதி. இரண்டாவது எழுச்சியின்போது, கல்லணை முதல் கடைமடை வரை காவிரிப் பாசனத்தின் முழு வரலாற்றையும் நாற்பது நாளில் எழுதி முடிப்பதாக முடிவு செய்து, 22 நூல்களின் பட்டியலோடு மாடி ஏறினேன். பணத்தைக் கத்தையாக மேசைமேல் வைத்தேன். அவர் மூன்று புத்தகங்களை மட்டும் எடுத்துப் பதிந்து, பணத்தை என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்து, "லிஸ்ட் இங்கயே இருக்கட்டும் தம்பி, ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்றார். நான் அவரைக் கூச்சலிட்டுத் திட்டியதாகக் கீழே பாத்திரக் கடைக்காரர்கள் பின்னர் சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. அன்றே வேறு கடைகளில் நான் வாங்கிக் குவித்தவற்றின் கடனை அடைக்க ஓராண்டு ஆனது. அந்த மாடியில் மட்டும் எனக்குக் கடன் ஏற்படவில்லை. கைபேசிச் செயலிகள் என்னைத் தடுக்காமல் இருப்பதையே வசதி என்று விற்கின்றன. இங்கே ஒருவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து முடியாது என்கிறார். இந்த மதிப்புரையில் நான் நட்சத்திரம் வழங்குவதானால் பெரும்பங்கு அந்த மறுப்புக்கே போகும்.

வீட்டை விட்டு வெளியே வர முடியாத வாரங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நூலகத்தில் உதவிக்கு இருக்கும் பையன் நகருக்குள் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பான். ஒரு முறைக்கு 20 ரூபாய். பறிகொடுத்தாற்போல் கட்டிலில் கிடந்த ஒரு பங்குனியில், வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து சட்டை போட வேண்டியிருந்ததே, அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம். இந்தப் பகுதிக்கு இது புதிதும் அன்று. மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் 1931-ஆம் ஆண்டு அக்டோபரில், எஸ். வி. கனகசபைப் பிள்ளை வடிவமைத்த மாட்டுவண்டி நூலகத்தை ரங்கநாதன்தான் தொடங்கி வைத்தார். படிப்பவர் வர இயலாவிட்டால் புத்தகம் போகட்டும் என்பது அப்போதே டெல்டாவில் நடந்துவிட்டது.

இவ்வளவும் நோயைத் தீர்க்குமா என்றால், தீர்க்காது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமாவும் உடன் ஆய்வாளரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சோர்ந்த மனநிலையில் இருந்தவர்களை 8 நிமிடம் தம்மைப் பற்றியே எண்ணச் செய்தபோது சோர்வு கூடியது. வெளிப் பொருள்களை எண்ணச் செய்தபோது தணிந்தது. மாடு அசைபோடுவதைப் போல் பழைய தவறுகளையே மென்றுகொண்டிருக்கும் மனத்தின் வாயிலிருந்து அந்தத் தழையைச் சற்று நேரம் பிடுங்கி வைக்க ஒரு கதை போதும் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். பிடுங்கிய நேரத்தில் மாத்திரை சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். உறுப்பினரான மூன்றாம் ஆண்டில் நான் அதைச் செய்யவில்லை. தினம் ஒரு பைண்டு வீதம் பதினொரு நாள் படித்துக்கொண்டே, மருத்துவரிடம் போக வேண்டிய தேதியைத் தவறவிட்டு, மாத்திரை தீர்ந்ததையும் மறைத்தேன். அதைத் திசைதிருப்பல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒளிந்துகொண்டிருந்தேன். அப்போதும் பெரியவர்தான், "என்ன தம்பி, படிக்கிறீங்களா, பக்கத்தைத் திருப்புறீங்களா?" என்று கேட்டார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிகள் செங்குத்தானவை, கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு தொங்குகிறது. முதியவர்கள் கீழே நின்று குரல் கொடுத்துப் புத்தகம் வாங்கிப் போகிறார்கள். மேற்கு அலமாரிக்கு மேலிருக்கும் விளக்கு ஆறு ஆண்டுகளாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது. உட்கார ஒரு நாற்காலிதான் உண்டு, அதில் உரிமையாளர் இருப்பார். பைண்டுகள் கனமானவை, கை நடுங்குபவர்கள் தலையணைமேல் வைத்துத்தான் படிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஞாயிறு பிற்பகல் மூடியிருப்பது. வாரத்திலேயே மனம் மிகத் தாழும் பொழுது எனக்கு அதுதான். அதே போல் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்புத் தட்டிப் பிறகு தூக்கம் வராமல் போவது மனச்சோர்வின் இயல்பு என்பதால், காலை 10.30-க்குத் திறக்கும் எந்த நூலகமும் அந்த வேளைக்கு உதவாது. முந்திய மாலையே இரண்டு மெல்லிய புத்தகங்களை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. அரசு கிளை நூலகத்தில் வாடகை இல்லை, நாளிதழ்களும் உண்டு. செலவு கட்டுப்படியாகாதவர்கள் அங்கே போகலாம். பைண்டுகளும் பெரியவரும் அங்கே கிடையாது.

சென்ற ஆண்டு நான் கேட்டுக்கொண்டதன் பேரில், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ ஒரு தாளில் எழுதி, தாமதக் கட்டண அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். எழுத்து சிறியது; அந்த மினுக்கும் விளக்கில் படிப்பதும் சிரமம். பெரிதாக எழுதித் தருகிறேன் என்றதற்குச் சரி என்றிருக்கிறார்.

தற்போது என்னிடம் இருக்கும் பைண்டில் 23-ஆம் அத்தியாயம் இல்லை; 22-இல் கிணற்றடியில் நின்றவள் 24-இல் சென்னையில் இருக்கிறாள். கும்பகோணம் பக்கத்து வீடுகளில் பழைய தொடர்கதைக் கட்டுகளைப் பரணில் வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் மாடியில் ஒருமுறை காட்டிவிட்டுப் போனால் நன்றாக இருக்கும்.